ஸ்லைடர்ல முப்பத்திமூணு இஃப் இருந்துச்சு

புதுசா சேர்ந்திருக்கற மூணு பேருக்கும் வணக்கம். இந்த வணக்கம், மரியாதைலாம் இத்தோட சரி. நாளையில இருந்து டேய்தான்.

திங்கக்கெழமையில இருந்து நம்ம கிரிவல ஆப்போட ஸ்லைடர் உங்க கைக்கு வருது. நான் ரூம் புக்கிங் பக்கம் போறேன். மூணு வருஷமா அந்த ஒத்தக் கோட்ட இழுத்து இழுத்து கட்டவிரல் ரேகையே போச்சு. அதனால ரிட்டயர்டு ஆன ஆபீசர் மாதிரி கால் மேல கால் போட்டு அட்வைஸ் பண்ண எனக்கு ரைட்ஸ் இருக்கு. வயசு இருவத்தஞ்சுதான். அதுக்கு இப்ப இன்னா?

எந்த ஃபைல் எங்க இருக்குன்னுலாம் சொல்ல மாட்டேன். தேடுங்க, அதுக்குத்தான் சம்பளம். ஒரே ஒரு விஷயம் சொல்றேன். நான் இதுவரைக்கும் எழுதினதுலயே செம க்ளீனான ப்ரோக்ராம் கோடு எது தெரியுமா? ஒரு பௌர்ணமி அன்னிக்கு ஒரு மனுஷன ரோட்டுல சாய்க்கப் பாத்துச்சே, அந்த கோடுதான்.

மொதல்ல ஸ்லைடர் எதுக்குன்னு சொல்லிடறேன். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். பௌர்ணமிக்கு அந்தப் பாதை நெடுக தன்னார்வலருங்க பதினோரு எடத்துல உதவிப் பந்தல் போடுவாங்க, கடைசிது பாதை முடியற எடத்துல. தண்ணி, ஒரு நர்ஸ், படுக்க ரெண்டு கட்டில். அந்தக் கூட்டத்துல ஜிபிஎஸ்ஸ நம்ப முடியாது, ஒரு நேரம் கரெக்டா காட்டும், ஒரு நேரம் நீ மலை உச்சில நிக்கறேன்னு சொல்லும். அதனாலதான் ஆப்ல ஒரு நீளக் கோடு வெச்சோம். ராஜகோபுரத்துல ஆரம்பிச்சு எட்டு லிங்கமும் அதுல வரிசையா குறிச்சிருக்கும். நீ எந்த லிங்கம் தாண்டி எவ்ளோ தூரம் வந்திருக்கியோ, அங்க விரலால இழுத்து வுடணும். நீ போக வேண்டிய பந்தலோட பேரு கீழ பெருசா வரும். எழுபது வயசு ஆளுகூட யூஸ் பண்ணலாம். அவ்ளோ ஈஸி.

நான் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருக்கும். அந்த ஸ்லைடர் கோட திறந்து பாத்தேன். சிரிப்பு தாங்கல எனக்கு.

இஃப், எல்ஸ் இஃப், எல்ஸ் இஃப்னு கீழ போய்க்கிட்டே இருக்கு. ஸ்லைடர் இந்த நம்பருக்கு மேல, அந்த நம்பருக்குள்ளன்னா இந்த பேரு, இந்த கலரு, இந்த படம். அடுத்த நம்பருக்கு மேலன்னா இன்னொரு பேரு, இன்னொரு கலரு, இன்னொரு படம். பதினோரு பந்தலுக்கு பதினோரு தடவ. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா, அதே பதினொண்ணும் தெலுங்குல. ஆந்திராவுல இருந்து வர்ற கூட்டம் ஜாஸ்தி இல்ல, அதுக்கு. அப்புறம் இங்கிலீஷ்ல. மொத்தம் முப்பத்திமூணு. ஏதாவது ஒரு பந்தல நூறு அடி தள்ளிப் போட்டாங்கன்னா கோட்ல ஆறு எடத்துல நம்பர் மாத்தணும். ஒண்ண மறந்தாலும் போச்சு.

எழுதினது நித்யா. அடி அண்ணாமலைக்காரி, கிரிவலப் பாதை மேலயே வூடு. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, ஆனா டிப்ளமோ முடிச்சுட்டு எனக்கு முன்னாடியே வேலைக்கு வந்துட்டா. அப்ப அவ அக்கா கல்யாணத்துக்கு பத்து நாள் லீவு. அவ திரும்பி வர்றதுக்குள்ள இத அடிச்சு நொறுக்கிட்டு, வந்தவொடனே அவ மூஞ்ச பாக்கணும்னு எனக்கு ஒரு அரிப்பு.

ரெண்டு நாள்தான். பந்தல் விவரம் மொத்தத்தையும் ஒரு லிஸ்ட்டாக்கி சர்வர்ல வெச்சேன். ஃபோன்ல ஒரு குட்டி லூப்பு. விரல் எங்க இருக்கு, எந்த பந்தல் அதுக்கு ரொம்ப கிட்ட இருக்கு, அந்த பேர காட்டு. நானூறு வரிக்கு கம்மி இல்லாம இருந்த கோடு ஏழு வரி ஆச்சு. ஏழே வரி! சீட்ட வுட்டு எழுந்து ஒரு குத்து ஆட்டம் போட்டேன். அந்த சந்தோஷம் உங்களுக்கும் ஒருநாள் வரும், வரட்டும், நல்லா ஆடுங்க.

நடுவுல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நிருதி லிங்கத்துகிட்ட ஆறாவது பந்தல். அதுல இருந்து முந்நூறு மீட்டர் தாண்டி விரல வெச்சா, பழைய கோடு அந்த பந்தல காட்டல. இன்னும் முக்கா கிலோமீட்டர் முன்னாடி இருக்கற ஏழாவது பந்தல காட்டுது, புளியமரத்துகிட்ட இருக்கறது. மத்த எடத்துலயும் இதே கத. முந்நூறு மீட்டர்ல நர்ஸ் இருக்கறப்ப எவனாவது முக்கா கிலோமீட்டர் போவானா? "நித்யா மேடம் கணக்குல வீக்கு"னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். என் ஏழு வரில அது தானா சரியாயிடுச்சு. "பழைய பக் ஒண்ணும் சேர்த்து முடிச்சாச்சு"னு குரூப்ல போட்டேன். டீம் லீட் அண்ணன் அஞ்சு நெருப்பு பொம்ம போட்டாரு. நித்யா கல்யாண பிசில அத பாக்கவே இல்ல.

டெஸ்ட் பண்ணாம வுட்டேன்னு நெனக்காதீங்க. செவ்வாக்கெழமை மத்தியானம் பைக்க எடுத்துட்டு ஃபுல் ரவுண்டு அடிச்சேன். ரோடு காலி. அங்கங்க வண்டிய நிறுத்தி ஸ்லைடர இழுப்பேன், பேரு வரும், யூ டர்ன் அடிச்சு போய் அந்த எடத்த தொட்டுட்டு வருவேன். பதினொண்ணுக்கு பதினொண்ணு பாஸ்.

அப்புறம் பௌர்ணமி வந்துச்சு.

வெயில் காலம். அந்த மாசம் பௌர்ணமி காலையிலயே பொறந்துடுச்சு, அதனால மத்தியானமே பாதை ஃபுல்லு. நித்யாவும் லீவு முடிச்சு வந்துட்டா. எங்க ரெண்டு பேருக்கும் வேங்கிக்கால் ஆபீஸ்ல ஹெல்ப் நம்பர் டூட்டி. நாலரை வரைக்கும் வந்த கால்லாம் சப்ப கேள்விதான். செருப்பு எங்க வுடறது, போளூர் பஸ் எங்க நிக்கும். அவ கல்யாண வூட்டு முறுக்க தின்னுக்கிட்டு உக்காந்திருந்தா. என் ஏழு வரிய அவகிட்ட எப்ப காட்டலாம்னு நான் நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். அப்ப அடிச்சுது ஃபோன்.

"ஹலோ, ஆப் ஆபீஸா? நான் ஆரணில இருந்து வந்திருக்கேன்பா. எங்க வூட்டுக்காரருக்கு கை காலுலாம் நடுங்குது, வேர்த்து ஊத்துது. சக்கர வியாதி இருக்குது அவருக்கு. காலைல மாத்திர மட்டும் போட்டுக்கினாரு, விரதம்னு ஒண்ணும் சாப்பிடல."

"பயப்படாதீங்கம்மா. ஆப்ல எந்த பந்தல் காட்டுது?"

"நிருதி லிங்கம்னு காட்டுது. அங்கதான் போறோம். இருவது நிமிஷமா போறோம், வரவே மாட்டேங்குது!"

எனக்கு புரியல. ஸ்லைடர எங்கயோ தப்பா இழுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க பின்னாடி ஒரே சத்தம். "எம்மா, எதுக்க வராதம்மா!"னு ஒரு ஆளு கத்தறது எனக்கே கேக்குது. எங்கதான் நிக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க ஒண்ணு கேட்டேன்.

"அம்மா, மலை எந்த கைப் பக்கம் தெரியுது?"

"இடது கைப் பக்கம்பா."

கிரிவலத்துல மலை எப்பவும் வலது கைப் பக்கம்தான. நாம எல்லாரும் சின்ன வயசுல இருந்து அப்படித்தான் சுத்தறோம். இடது கைல தெரியுதுன்னா அவங்க மொத்தக் கூட்டத்துக்கும் எதிர்ல நடக்கறாங்க. நடுங்கற மனுஷன புடிச்சுக்கிட்டு, இடி வாங்கிக்கிட்டு, திட்டு வாங்கிக்கிட்டு.

நித்யா முறுக்க கீழ வெச்சா. "எதுக்குடா எதிர்ல போறாங்க?"

"ஆப் சொல்லிச்சாம்."

"நான் எழுதினது அப்படி சொல்லாதே."

"நீ லீவுல இருந்தப்ப மாத்திட்டேன்."

"இன்னா மாத்தின?"

"கிட்ட இருக்கற பந்தல காட்டற மாதிரி."

அவ என்ன பாத்த பார்வை இருக்கே. "டேய். பௌர்ணமி அன்னிக்கு பின்னாடி இருக்கறது கிட்டயாடா?"

நல்லா கவனிங்க, இது எனக்கு தெரியாத விஷயம் இல்ல. நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன். எத்தன பௌர்ணமி சுத்தியிருப்பேன்! பத்தடி பின்னாடி செருப்பு அறுந்து வுழுந்தாக்கூட திரும்பி எடுக்க முடியாதுன்னு என் காலுக்கு தெரியும். ஆனா கோடு எழுதற எடிட்டர திறந்தவொடனே ஊர மறந்துட்டேன். நம்பர்ல எது சின்னதுன்னு மட்டும் பாத்தேன். நான் பக்குன்னு, தப்புன்னு நெனச்சது பக்கே இல்ல. அந்த முப்பத்திமூணு இஃப்பும் வாய் தொறந்து சொல்லாம சொன்னது ஒண்ணே ஒண்ணு: முன்னாடி மட்டும் போ.

"அப்ப திரும்பி முன்னாடி இருக்கற பந்தலுக்கு போகச் சொல்லட்டா?"ன்னேன்.

"முக்கா கிலோமீட்டரா? அந்தாளு இருக்கற நெலமைக்கா? உக்காரச் சொல்லுடா!" சொல்லிக்கிட்டே அவ இன்னொரு ஃபோன்ல ஆறாவது பந்தலுக்கு அடிச்சுட்டா. "நர்ஸக்கா, ஒரு பேஷன்ட் உங்ககிட்ட வரணும்னு பாக்கறாங்க, முடியல. நீங்க போங்க. கூட்டத்தோட நடந்தா உங்களுக்கு அஞ்சு நிமிஷம்."

சத்தியமா சொல்றேன், எனக்கு அது தோணவே இல்ல. அவங்கதான் பந்தலுக்கு போகணும்னே என் மண்டை சுத்திக்கிட்டிருந்துச்சு. பந்தலே கெளம்பி கூட்டத்தோட சேர்ந்து அவங்ககிட்ட போகலாம்னு அவளுக்கு ரெண்டு செகண்டுல வந்துச்சு.

"அம்மா, இனிமே ஒரு அடி நடக்காதீங்க. மலைப் பக்கம் ஓரமா உக்காருங்க. நம்ம ஆளுங்களே அங்க வராங்க. என்ன கலரு பொடவ கட்டியிருக்கீங்க?"

"மாம்பழக் கலரு. உக்காருன்னு இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

"சாரிம்மா. அவரு நெனப்போட இருக்காரா? முழுங்க முடியுதா? நர்ஸ் கேக்கறாங்க."

"யோவ், வாய தொறய்யா, முழுங்க முடியுதான்னு கேக்கறாங்க. திட்டறாருப்பா என்ன."

நித்யா ரெண்டு காதுலயும் கேட்டுக்கிட்டு, "திட்டினா நல்லதாம், இனிப்பா ஏதாவது குடிக்கக் குடுக்கச் சொல்றாங்க, உடனே"ன்னா.

"பக்கத்துல கரும்பு ஜூஸு, சர்பத்து, எது கெடச்சாலும் வாங்கிக் குடுங்கம்மா."

"சக்கரக்காரருக்கு சக்கரயா? நீ இன்னா டாக்டரா?"

"நான் இல்லம்மா, நர்ஸ் சொல்றாங்க. சக்கர ரொம்ப கம்மியாயிடுச்சாம் அவருக்கு. குடுங்க."

"எப்பா தம்பி, அந்த பாட்டில கொஞ்சம் குடேன்..."னு யாரையோ கேக்கறாங்க. அங்கயே லைன் கட்டு. திரும்ப அடிச்சேன். ரிங்கே போகல.

அடுத்த சில நிமிஷத்துல நான் பண்ண கூத்த கேளுங்க. படக்குன்னு லேப்டாப்ப திறந்து அந்த ஏழு வரிய திருத்த ஆரம்பிச்சேன். ஸ்பெல்லிங் தப்பு தப்பா வருது. நித்யா பின்னாடி வந்து நின்னா.

"யாருக்கு எழுதற?"

"சரி பண்றேன்ல!"

"நீ சரி பண்ணி, அனுப்பி, ஸ்டோர்ல ஓகே ஆகி, அங்க நடக்கறவங்க ஃபோன்ல எறங்க நாளைக்கு ஆயிடும். இப்ப நடக்கறவங்களுக்கு இன்னா பண்ணப் போற?"

அதே நேரம் அடுத்த கால். காலேஜ் பையன் கொரலு. "ப்ரோ, ஆப்பு பின்னாடி போகச் சொல்லுது, போலீஸ் அண்ணன் முன்னாடி போகச் சொல்றாரு. நான் யாரு பேச்ச கேக்கறது?"

"போலீஸு பேச்ச கேளு ப்ரோ. ஆப்ப நம்பாத."

நானே எழுதின ஆப்ப நானே நம்பாதன்னு சொன்னேன் பாருங்க, அந்த நிமிஷம்தான் தல தெளிஞ்சுது. ஃபோன்ல இருக்கற கோட தொட முடியாது. ஆனா லிஸ்ட் சர்வர்ல இருக்கே! குட்டி ஃபைல், கொஞ்சூண்டு சிக்னல் கெடச்சாலும் எறங்கிடும். அந்த லூப்புக்கு கிட்ட இருக்கறதுதான வேணும்? சரி, முன்னாடி இருக்கறதையே கிட்ட கொண்டு வந்து வெச்சுட்டா?

"நித்யா! ஒவ்வொரு பந்தலயும் லிஸ்ட்ல ரெண்டு தடவ போடலாம்! ஒண்ணு அது நெஜமா இருக்கற எடத்துல. இன்னொண்ணு, அதுக்கு முந்தின பந்தல தாண்டின அடுத்த அடியிலயே!"

அவ கண்ண மூடி யோசிச்சா. "ஆறாவது தாண்டின உடனே ஏழாவது பேரு ஒண்ணு நிக்கும். ஏழாவது எடத்துலயும் ஏழாவது பேரு. நடுவுல எங்க விரல் வெச்சாலும், எது கிட்டன்னு பாத்தாலும்..."

"ஏழுதான் வரும்!"

"பித்தலாட்டம்டா இது."

"வேல செய்யுமா செய்யாதா?"

"செய்யும். எழுது, நான் நம்பர் சொல்றேன்."

அவ ஒரு பேப்பர கூட பாக்கல. எந்த பந்தல் எத்தனாவது கிலோமீட்டர்னு மனப்பாடமா சொல்றா, நான் அடிக்கறேன். பதினொண்ணு இருந்த லிஸ்ட் இருவத்திரெண்டு ஆச்சு. சர்வர்ல ஏத்தறதுக்கு முன்னாடி அவ ஃபோன்ல போட்டு ஸ்லைடர ஜீரோவுல இருந்து பதினாலு வரைக்கும் மெதுவா இழுத்துப் பாத்தா. நான் பக்கத்துல நின்னு ஒவ்வொரு பேரா படிக்கறேன். எந்த எடத்துலயும் பின்னாடி காட்டல. ஒரு எடத்துலயும்! ஏத்திட்டோம். நான் திரும்ப ஆடல, நல்ல புள்ளையா உக்காந்தேன். அந்த மாம்பழக் கலரு பொடவைய பத்தி இன்னும் ஒரு தகவலும் வரல.

அப்புறம்தான் ஆறாவது பந்தல் நர்ஸக்காகிட்ட இருந்து கால். "கண்டுபுடிச்சுட்டோம். யாரோ சர்பத் குடுத்திருக்காங்க, அதுதான் காப்பாத்திச்சு. இன்னும் கொஞ்ச நேரம் எதிர்லயே நடந்திருந்தா மயங்கி அந்த காலுங்களுக்கு நடுவுல வுழுந்திருப்பாரு. சக்கர நாற்காலில வெச்சு ஏழாவது பந்தலுக்கு தள்ளிக்கிட்டு போறோம்."

நான் பாத்ரூம் போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். கழுவினது மட்டும்தான்னு வெச்சுக்கங்க.

உங்களுக்கு இதுல இருந்து நான் சொல்றது ஒண்ணுதான். சுருக்குங்க. ஒரே விஷயத்த முப்பத்திமூணு தடவ எழுதி வெச்சிருந்தா தயவு தாட்சண்யம் இல்லாம சுருக்குங்க. அத நான் இன்னிக்கும் செய்வேன். ஆனா சுருக்கினதுக்கு அப்புறம் வெட மாறிச்சுன்னா நீங்க சுருக்கல, வேற ஆப் எழுதிட்டீங்க. சுருக்கறது ஒருநாள், தப்ப திருத்தறது இன்னொரு நாள். ரெண்டையும் ஒரே மூச்சுல பண்ணீங்கன்னா எது எதுன்னு உங்களுக்கே தெரியாது. அதோட, லூசுத்தனமா தெரியற ஒரு இஃப் பதினோரு எடத்துலயும் ஒரே மாதிரி லூசா இருந்துச்சுன்னா, அது லூசு இல்ல. எழுதினவங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்க. கல்யாண வூட்டுல இருந்தாக்கூட போடுங்க. சாப்பாட்டுப் பந்தில ரெண்டு நிமிஷம் பேசினா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது.

நித்யாவையும் வுடல நான். "ஒரு வரி குறிப்பு எழுதி வெச்சிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன். "இதையெல்லாமா எழுதி வெப்பாங்க? எங்க ஊர்ல மாடுகூட அன்னிக்கு எதிர்ல வராது"ன்னா. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து ஒழுங்கா எழுதினோம், பித்தலாட்டம் இல்லாம. ஏழு வரி ஒம்போது வரி ஆச்சு. மேல குறிப்பு அவதான் எழுதினா.

அந்த பௌர்ணமி அன்னிக்கே சாயங்காலம் ஆறு மணி இருக்கும், ஹெல்ப் நம்பர்ல திரும்ப அந்தம்மா. "எப்பா, எழுந்து உக்காந்துட்டாரு. டீ கேக்கறாரு, நர்ஸம்மா கிச்சடி சாப்பிட்டாதான்னு சொல்லிட்டாங்க."

சரிம்மா, நல்லதும்மான்னு சொல்லி வெச்சிருக்கலாம். நித்யா என்னையே பாத்துக்கிட்டிருக்கா.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். உங்கள பின்னாடி போகச் சொன்னது ஆப்போட தப்பு. அத எழுதினது நான்தான்."

"இரு, அவருகிட்டயே சொல்லு"ன்னு ஃபோன குடுத்துட்டாங்க.

"நீதானா அது?" கொரலு கரகரன்னு இருந்துச்சு. "எத்தன பேரு திட்டினான் தெரியுமா என்ன? இந்த மலைய நான் எதிர்ல சுத்தினதா என் சம்சாரம் இனிமே சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

"சாரி சார். தப்புதான் சார்."

"தப்புதான். இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டோம் சார்."

"நெஜமா?"

"நெஜமா சார்."

"நர்ஸம்மா ஒரு மணி நேரம் உக்காரணும், அப்புறம் ஒவ்வொரு பந்தல்லயும் நின்னு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டாங்க. பாதியில வுட்டுட்டு போற ஆளு இல்ல நான். புளியமரத்துப் பந்தல்ல இருக்கேன். அடுத்தது எதுன்னு நீ சொல்லு பாப்போம்."

பேரு எனக்கு வாயிலயே இருந்துச்சு. ஆனா சொல்லல. என் சொந்த ஃபோன எடுத்தேன், ஆப்ப திறந்தேன், புளியமரத்துக்கு கொஞ்சம் தள்ளி விரல வெச்சு இழுத்து வுட்டேன். நித்யா என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தா.

"வருணலிங்கம் பந்தல் சார்"ன்னேன். "முன்னாடி."